புதுத் தொட்டிக்குப் பழைய முகம்

பெங்களூருவில் பூந்தொட்டி வாங்குகிறவர்களிடையே ஒரு விசித்திரமான ஆசை பரவியிருக்கிறது. பளிச்சென்று சிவந்திருக்கும் புதுத் தொட்டி அவர்கள் கண்ணுக்குப் பிடிப்பதில்லை. மேலெல்லாம் வெள்ளை பூத்து, அடியில் பாசி படிந்து, விளிம்பு தேய்ந்து, ஏதோ நூறு வருஷத்துப் பங்களா வாசலில் கிடந்தது போன்ற தொட்டிதான் வேண்டுமாம். அப்படிப்பட்ட தொட்டிக்கு, அதே அளவுள்ள சாதாரணத் தொட்டியைக் காட்டிலும் பல மடங்கு விலை சொல்கிறார்கள். சொன்ன விலைக்கே வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

அந்தத் தொட்டிக்கு வயது என்ன? பெரும்பாலும் சில வாரங்கள்தான். குயவர் சூளையிலிருந்து நேற்று வந்த அதே தொட்டிதான் அது. மேலே ஏறியிருப்பது கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் காவி, ஒரு மணி நேர வேலை. இந்த வேலையை எந்த வீட்டிலும் செய்யலாம். பெரிய செலவும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஒன்று, பூச்சு செடியைக் கொன்றுவிடக் கூடாது. மற்றொன்று, அந்தப் பல மடங்கு விலை யார் கைக்குப் போகிறது என்பது.

பங்களா போயிற்று, ஆசை போகவில்லை

பழைய தொட்டி மேல் இந்த ஊருக்கு ஏன் இத்தனை மோகம்? காரணம் இந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டமும், அங்கே 1889-ல் எழுந்த கண்ணாடி மாளிகையும் பெங்களூருக்குத் ‘தோட்ட நகரம்’ என்ற பெயரை வாங்கிக் கொடுத்தன. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அங்கே நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு ஊரே திரண்டு போகிறது.

1809-ல் கண்டோன்மென்ட் அமைந்தது. ராணுவத்தோடும் அதன் வேலைகளோடும் தமிழர்கள் பெருமளவில் வந்து குடியேறினார்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு ரயில் வந்த பிறகு அந்த வரவு இன்னும் சுலபமாயிற்று. துரைமார்களின் பங்களாக்களில் படிக்கட்டின் இருபுறமும் வரிசையாகப் பூந்தொட்டிகள் நின்றன. மழையிலும் வெயிலிலும் நின்று நின்றே அந்தத் தொட்டிகளுக்கு ஒரு தனி அழகு வந்தது.

அந்தப் பங்களாக்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவை இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. தோட்டம் சுருங்கிப் பால்கனியாகிவிட்டது. அங்கே நான்கு தொட்டி வைக்கிறவருக்கு, அந்த நான்கிலாவது பழைய தோட்டத்தின் சாயல் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் தொட்டி தானாகப் பழசாகும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. கடைக்காரர் அந்தப் பொறுமைக்குத்தான் விலை போடுகிறார்.

சக்கரம் சுற்றும் பேட்டை

கண்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை, பாட்டரி டவுன். தலைமுறை தலைமுறையாகக் குயவர்கள் வாழும் பேட்டை. அவர்களில் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார், கார்த்திகைக்கு அகல், ஆண்டு முழுவதும் பூந்தொட்டி என்று அவர்கள் பிழைப்பு நடக்கிறது. மெட்ரோ ரயிலின் இளஞ்சிவப்புப் பாதையில் அமைக்கப்பட்டுள்ள நிலத்தடி நிலையம் ஒன்றுக்கு இந்தப் பேட்டையின் பெயரே வைக்கப்பட்டுள்ளது.

பெயர் நிலைத்துவிட்டது. தொழில் நிலைக்குமா என்பதுதான் கேள்வி. ஊர் வளர வளர ஏரிகள் சுருங்கின. ஏரிக் களிமண்ணை நம்பிய தொழிலுக்கு மண்ணே விலை உயர்ந்த சரக்காகிவிட்டது. விறகு விலை தனி. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் தொட்டி. அது கீழே விழுந்தால் உடைவதில்லை, தூக்கிச் செல்லக் கனமில்லை, விலையும் குறைவு. இந்தப் போட்டியில் மண்தொட்டிக்கு மிஞ்சியிருக்கும் பலம் ஒன்றே ஒன்றுதான். மண்தொட்டி பழசாகப் பழசாக அழகாகும். பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வெளுத்து, விரிசல் விட்டுக் குப்பைக்குப் போகும்.

தொட்டி எப்படிக் கிழடாகிறது?

பூச்சு வேலையில் இறங்குமுன், இயற்கை இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். குயவர் சூளையில் மண்தொட்டி சுமார் 700 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு வரை வேகிறது. அந்தச் சூட்டில் மண் இறுகுமே தவிர, கண்ணாடி போல உருகி அடைந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருந்துகொண்டே இருக்கும். ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதி அந்தத் துளைகள் வழியே வெளிச் சுவருக்கு வந்து ஆவியாகிறது. தண்ணீரில் கரைந்திருந்த உப்பும், உரத்தின் உப்பும் ஆவியாக முடியாமல் வெளியே தங்கிவிடுகின்றன. அதைத்தான் ‘உப்புப் பூத்தது’ என்கிறோம். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இந்த வெள்ளை சீக்கிரமே தெரியும். அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம்.

அடுத்தது பாசி. நிழலில் இருக்கும் தொட்டியின் ஈரமான அடிப்பாகத்தில் முதலில் வழுவழுப்பான பச்சைப் படலம் வரும். அதன் பிறகு மெத்தென்ற பாசி பிடிக்கும். வெயில் படும் பக்கம் வெள்ளையாகவும், நிழல் பக்கம் பச்சையாகவும் இருப்பதுதான் உண்மையான பழைய தொட்டியின் அடையாளம். சுற்றிலும் ஒரே மாதிரி வெள்ளையும் பச்சையும் கலந்திருந்தால், அது பூச்சு என்று தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

உலோகத் தொட்டியின் கதை வேறு. இரும்பு துருப்பிடிக்கும். செம்பும் பித்தளையும் காற்றிலும் ஈரத்திலும் பச்சைக் களிம்பு ஏறும். புளி போட்டு, கை வலிக்கத் தேய்த்துத் தாய்மார்கள் போக்கிய அந்தக் களிம்பை இன்று காசு கொடுத்துத் தொட்டியில் பூசிக்கொள்கிறார்கள். காலம் செய்யும் கோலம் என்பது இதுதான் போலும்!

மண்தொட்டிக்குச் சுண்ணாம்பு

மண்தொட்டிக்கு மிகச் சிறந்த பூச்சு சாதாரணச் சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, பால் பதத்துக்குக் கொண்டுவந்து, துணியில் வடிகட்டிக் கொள்ள வேண்டும். பளீரென்ற வெள்ளை வேண்டாம் என்றால் ஒரு சிட்டிகை காவிப் பொடி சேர்க்கலாம்.

தொட்டியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். இது முக்கியம். காய்ந்த தொட்டி சுண்ணாம்பிலுள்ள தண்ணீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சுண்ணாம்பு பொடியாக உதிரும். ஈரத் தொட்டியின் வெளிப்புறத்தில் மட்டும் பிரஷ்ஷால் ஒரு கை பூச வேண்டும். பாதி காய்ந்ததும் ஈரத்துணியால் அங்கங்கே துடைத்துவிட வேண்டும். மேடான இடங்களில் அதிகம் துடைத்து, விளிம்பின் அடியிலும் கோடுகளின் பள்ளத்திலும் சுண்ணாம்பைத் தங்கவிட வேண்டும். மழை கழுவிய தொட்டியில் அப்படித்தான் வெள்ளை தங்கும்.

பிறகு சில நாள் மழை படாமல் நிழலில் வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, மெல்லிய கல் படலமாக இறுகும். அந்தப் படலம் தொட்டியின் துளைகளை அடைப்பதில்லை. அதனால் தொட்டியின் மூச்சு நிற்பதில்லை. எனாமல் பெயின்ட் அப்படியல்ல. உள்ளேயிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல், பெயின்டைத் தள்ளிக் கொப்புளமாக உரித்துவிடும்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. குழந்தைகளை எட்ட வைத்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் இதில் கைவைக்க வேண்டும்.

பாசி வளர்க்கும் முறை

தொட்டியில் மோர் தடவினால் பாசி வரும் என்று சொல்வார்கள். மோரில் பாசி இல்லை. பாசிக்கு வேண்டியது ஈரம், நிழல், ஒட்டிக்கொள்ளச் சொரசொரப்பான இடம், அத்துடன் வித்து. மோரோ நீர்த்த கஞ்சியோ வித்தை ஒட்டவைக்கும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் மதில் சுவரின் நிழல் பக்கத்தில் படர்ந்திருக்கும் பாசியில் ஒரு கைப்பிடி சுரண்டி எடுத்து, மண் நீக்கி, தண்ணீர் கலந்த மோரில் கசக்கிக் கரைத்துக் கொள்ளலாம். அதை ஊறிய மண்தொட்டியின் அடிப்பாகத்தில் தடவி, நிழலில் வைத்து, தினமும் இருமுறை தண்ணீர் தெளித்து வர வேண்டும். முதலில் பூஞ்சணம் மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். சில வாரங்களில் பச்சை தலைகாட்டும். பெங்களூருவில் ஜூன் தொடங்கி அக்டோபர் வரை இதற்கு ஏற்ற காலம். கோடையில் செய்தால் உழைப்பு வீண். புதிதாகச் சுண்ணாம்பு பூசிய இடத்திலும் பாசி லேசில் பிடிக்காது. எனவே மேலே சுண்ணாம்பு, அடியில் பாசி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

சிமென்ட் தொட்டியும் அன்னபேதியும்

சிமென்ட் தொட்டி பார்க்க வெளிறிக் கிடக்கும். அதைப் பழைய கல்தொட்டியாக மாற்ற நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி போதும். அது இரும்புச் சத்துள்ள உப்பு. தண்ணீரில் கரைத்து சிமென்டின் மீது தடவினால் முதலில் இலேசான பச்சையாகத் தெரியும். ஓரிரு நாளில் காற்றுப் பட்டுத் துருவின் பழுப்பு நிறம் ஏறிவிடும். ஒரே சீராகத் தடவாமல், மேலிருந்து வழியவிட்டால் மழை ஒழுகிய கறை போலவே இருக்கும். ஆனால் இந்தக் கறை போகாது. தரையிலும் துணியிலும் பட்டால் பட்டதுதான். அதனால் வீட்டுக்காரரின் மொசைக் தரையில் வைத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம்!

தொட்டியையே வீட்டில் வார்க்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பழைய கல்தொட்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டக்காரர்கள் கையாண்ட கலவைக்கு ‘ஹைபர்டூஃபா’ என்று பெயர். ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு மக்கு. இங்கே மக்குக்குப் பதில் தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம். அதை முதலில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய பேசினுக்குள் சிறிய பேசினை வைத்து, இடையில் கலவையை அடைக்க வேண்டும். அடியில் தண்ணீர் வடியத் துளை விட மறக்கக் கூடாது. ஒன்றரை நாள் கழித்து எடுத்து, கலவை முழுக்க இறுகுமுன் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மூலைகளை உருட்டினால் பழங்கல்லின் தோற்றம் வந்துவிடும். வெறும் சிமென்ட் தொட்டியைவிட இது கனம் குறைவு என்பதால் பால்கனிக்கும் ஏற்றது.

வார்த்த தொட்டியை 3 முதல் 4 வாரம் ஈரம் காயாமல் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அதன் பிறகும் உடனே செடி வைத்துவிடக் கூடாது. புது சிமென்டிலிருந்து காரம் கசியும். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, நாளுக்கொரு முறை மாற்றி, ஒரு வாரமாவது காரத்தை இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் இட்லிப்பூச் செடி வைத்தால், இலை மஞ்சளித்து நிற்கும். உரம் போதவில்லை என்று மேலும் மேலும் உரம் போட்டுச் செடியைச் சாகடித்துவிடுவார்கள்.

பிளாஸ்டிக்கும் பித்தளை ஆகும்

பிளாஸ்டிக் தொட்டியில் சுண்ணாம்பு ஒட்டாது. அதற்கு வேறு வழி. முதலில் உப்புத்தாள் கொண்டு பளபளப்புப் போகும் வரை தேய்க்க வேண்டும். சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர் ஒரு கை அடிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பெயின்ட் நகம் பட்டாலே உரியும்.

களிம்பேறிய பித்தளை வேண்டுமானால், அடியில் கரும்பழுப்பு நிறம் ஒரு கை. அது காய்ந்ததும், நீலமும் பச்சையும் வெள்ளையும் கலந்த நிறத்தை ஸ்பாஞ்சில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மீதியை அங்கங்கே ஒற்ற வேண்டும். பள்ளத்தில் அதிகம், மேட்டில் குறைவு. துருப்பிடித்த இரும்பு வேண்டுமானால், செம்பழுப்பு நிறப் பெயின்டில் சலித்த மெல்லிய மணலைக் கலந்து பூசினால் சொரசொரப்பு கிடைக்கும். பளபளப்பான பெயின்ட் கூடவே கூடாது. மங்கலாக இருந்தால்தான் கண் நம்பும்.

பூச்சும் மூச்சும்

எந்தத் தொட்டியானாலும் வெளியே மட்டும் பூச வேண்டும். உட்புறம் செடிக்கு உரியது. அழகுக்காக மண்தொட்டியின் உள்ளும் வெளியும் பெயின்டால் அடைத்துவிட்டு, பழையபடியே தண்ணீர் ஊற்றினால் மண் காயாது, வேர் அழுகும். அடித் துளையைப் பூச்சு மூடியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் எப்போதோ மிஞ்சிய பழைய பெயின்ட் டப்பாவைத் தீர்ப்பதற்கு இதுதான் சமயம் என்று நினைக்கக் கூடாது. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்களில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி வைக்கும் தொட்டிகளுக்குச் சுண்ணாம்போடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

பாசிக்காக ஈரம் காப்பவர்கள் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது. டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும். வாரம் ஒருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

லாபம் யாருக்கு?

இனி விலை விஷயத்துக்கு வருவோம். மண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, நிழலில் உலர்த்தி, சூளையில் வேகவைத்து, உடைந்தது போக மீதியை விற்கிற குயவருக்குக் கிடைப்பது தொட்டியின் அடிப்படை விலை. அதன் மீது ஒரு மணி நேரம் சுண்ணாம்பு பூசுகிறவருக்குக் கிடைப்பது அதைப்போலப் பல மடங்கு. வேலையின் கடினத்துக்கும் கூலிக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்குப் பரிகாரம் இரண்டு கைகளில் இருக்கிறது. வாங்குகிறவர் பூசாத தொட்டியைப் பாட்டரி டவுன் போன்ற இடங்களில் குயவரிடமே நேராக வாங்கி, வீட்டில் தாமே பூசிக்கொள்ளலாம். அப்போது பேரம் பேசி நாலு ரூபாய் குறைக்காமல் இருந்தாலே பெரிய உதவி. சுண்ணாம்பு, காவி எல்லாம் சேர்த்தாலும் கடையில் கேட்கிற விலையின் பக்கத்தில் வராது.

இன்னொரு கை குயவர் குடும்பத்தின் கை. அகலுக்கு வண்ணம் தீட்டவும், பிள்ளையாருக்குக் கண் திறக்கவும் தெரிந்த வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு ஒரு வித்தையே அல்ல. சூளையிலிருந்து இறங்கும் தொட்டிகளில் பத்தில் இரண்டையாவது வீட்டிலேயே பூசி விற்றால், அந்தப் பல மடங்கு விலையில் ஒரு பங்காவது மண் பிசைந்த வீட்டிலேயே தங்கும். பண்டிகை முடிந்து பிள்ளையார் வேலை இல்லாத மாதங்களுக்கு இது கைகொடுக்கும். சுய உதவிக் குழுக்கள் தையலும் ஊறுகாயும் சொல்லிக்கொடுப்பது போல இதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

ஆனால் ஒரு நேர்மை வேண்டும். பூசி விற்பது வியாபாரம். ‘நூறு வருஷத்துத் தொட்டி’ என்று பொய் சொல்லி விற்பது மோசடி. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள்கள் தொல்பொருள்கள். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அப்படிப்பட்ட பழம்பொருள் பாதையோரத்தில் செடி வைத்து விற்பனைக்கு வராது என்பதை வாங்குகிறவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘பழைய தொட்டி’ என்று சொல்லிக் கடைக்காரர் விலை ஏற்றினால், உட்புறத்தையும் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். வெளியே கிழடு தட்டி, உள்ளே புதுச் செங்கல் நிறம் மாறாமல் இருந்தால் வயது தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு பூசி வைத்த தொட்டிக்கும் உண்மையான வயது ஒருநாள் வரத்தான் போகிறது. இரண்டு மழைக்காலம் கடந்தால் பூசிய வெள்ளையில் பாதி கரைந்து, தானாகப் பூத்த வெள்ளை அந்த இடத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு எது கை செய்தது, எது காலம் செய்தது என்று பூசியவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அந்த அழகு வரும் வரை நின்று நிலைக்க நல்ல மண்ணில் செய்த, நன்றாக வெந்த தொட்டி வேண்டும். அதைச் செய்து கொடுக்கப் பாட்டரி டவுனில் சக்கரமும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.